இறக்கத்தில் தானாகவே கியர் குறைகிறது, எஞ்சின் கத்துகிறது: கோளாறா?

புதுச்சாவி:
எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் வீட்டுக்கு ஒரு பிக்கப் வந்தது. பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். நானும் அப்பாவும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மலை இறக்கத்தில்தான் தொல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மிதிக்கிறேன். இரண்டொரு வினாடியில் வண்டி தானாகவே கியரைக் குறைத்துக்கொள்கிறது. 1,200-இல் இருந்த ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) முள் 2,800 வரை ஏறி நிற்கிறது. எஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பழைய கியருக்குத் திரும்புவதில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே இறக்கத்தில் அப்பா ஓட்டினால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பூனை நடப்பது போல இறங்குகிறது. "நீ வண்டியை அடித்து ஓட்டுகிறாய், அதுதான் கத்துகிறது" என்று எனக்குத்தான் வசை விழுகிறது. சர்வீஸ் நிலையத்தில் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கே மாதத்தில் கியர்பாக்ஸ் போகிறதா?

சாலையோரன்:
கியர் ஆயில் குறைந்திருக்கும். அளவு பாருங்கள்.

பட்டறைக்காரன்:
ஆயில் குறைந்தால் கியர் வழுக்கும், இழுக்கும்போது தாமதமாக விழும். இறக்கத்தில் மட்டும் ஒழுங்காக வந்து உட்காராது. இது வேறு. பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள்:

டோ ஹால் என்கிற பாரமிழுக்கும் பொத்தான் அழுத்தியிருக்கிறதா? நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது அழுத்தி மிதிக்கிறீர்களா, மெல்லத் தொடுகிறீர்களா? அப்பா ஓட்டி இறங்கிய பிறகு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால் முன் சக்கரத்தின் பக்கம் ஏதாவது நாற்றம் வருகிறதா?

புதுச்சாவி:
பொத்தான் எப்போதும் அழுத்தித்தான் இருக்கிறது. வண்டியை எடுத்தவுடன் அதைத் தட்டிவிடுவது அப்பாவின் பழக்கம், பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் அழுத்தித்தான் மிதிப்பேன். வேகம் குறைந்ததும் விட்டுவிடுவேன். நாற்றம் வருவது உண்மை. ஏதோ கருகியது போல இருக்கும். "அது முன்னால் போன லாரியின் நாற்றம்" என்பார் அப்பா. எல்லாத் தடவையும் முன்னால் ஒரு லாரி போயிருக்குமா என்று நான் கேட்டதில்லை.

பட்டறைக்காரன்:
இப்போது கேளுங்கள். உங்கள் வண்டியில் கோளாறு இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

கியரை ஆளும் கணினிக்கு இரண்டு தகவல்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிலரேட்டரில் கால் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பது மற்றொன்று. காலை முழுவதும் எடுத்துவிட்டால் சமதரையில் வண்டி தளர வேண்டும். தளராமல் வேகம் கூடினால், அல்லது பிரேக்கை மிதித்தும் எதிர்பார்த்த அளவு தளராவிட்டால், இது இறக்கம் என்று கணினி முடிவு செய்துவிடும். சரிவை நேரடியாக உணரும் சென்சாரும் சில வண்டிகளில் உண்டு. இறக்கம் என்று தெரிந்தபின் பிரேக் விளக்கை எரியவைக்கும் அதே சுவிட்சிலிருந்து தகவல் வந்தால், 'ஓட்டுபவருக்கு வேகம் வேண்டாம்' என்று பொருள் கொண்டு ஒரு கியர் கீழே போடும். இன்னும் பிரேக் அழுந்தியிருந்தால் இன்னொன்று. பாரமிழுக்கும் பொத்தான் அழுந்தியிருந்தால் இதை முந்திக்கொண்டு, கூடுதல் முனைப்போடு செய்யும். நீங்கள் மறுபடி ஆக்சிலரேட்டரைத் தொடும்வரை அந்தக் கியரிலேயே நிற்கும். பிரேக்கை விட்டதும் மேல்கியருக்கு ஓடினால் வண்டி உடனே வேகம் பிடிக்கும், நீங்கள் மறுபடி மிதிக்க வேண்டிவரும். அதற்காகத்தான் அந்தப் பிடிவாதம்.

கியர் குறைந்தவுடன் என்ன நடக்கிறது? இதுவரை எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றியது. இப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திராட்டில் என்கிற கதவு மூடிவைத்திருக்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காற்றை உறிஞ்சப் பார்க்கிறது. ஊசி மருந்துக் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத்தை இழுத்துப் பாருங்கள், அந்தக் கனம்தான் இது. உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடித்து இழுக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் உள் கிளட்சும் பூட்டிக்கொள்வதால் நடுவில் வழுக்கல் இல்லை.

இன்னொன்று, பலரும் நம்ப மறுப்பது. அந்தச் சத்தம் கேட்கும்போது எஞ்சின் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் குடிக்கவில்லை. காலை எடுத்து, ஆர்பிஎம் ஓரளவுக்கு மேல் இருந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்கின்றன. 2,800-இல் கத்தியபடி இறங்குகிற வண்டி, நியூட்ரலில் அமைதியாக உருளும் வண்டியைவிடக் குறைவாகக் குடிக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது பெட்ரோல் வேண்டும் அல்லவா?

அப்பா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

முப்பதாண்டு ஸ்டீயரிங்:
தம்பிகளே, புத்தகத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நான் முப்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். பிரேக் பேட் தேய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கியர்பாக்ஸ் தேய்ந்தால் வண்டியைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். மலிவான பொருளைத் தேய்ப்பதா, விலை உயர்ந்ததைத் தேய்ப்பதா? வண்டியை நிறுத்துவதற்குத்தான் பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறான். எஞ்சினை அந்த வேலைக்கு இழுப்பானேன்?

மேலும் பழைய ஆட்டோமேட்டிக்கில் டி என்கிற சாதாரண ஓட்ட நிலையில் வைத்து இறங்கினால் எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. சைக்கிள் போல உருளும். அப்படித்தான் எல்லோரும் ஓட்டினோம்.

பட்டறைக்காரன்:
ஐயா, கடைசியில் சொன்னது சரி, சைக்கிள் உவமையும் பொருத்தம். பழைய பெட்டிகளில் கீழ்க்கியர் சிலவற்றில் ஒருவழிக் கிளட்ச் இருக்கும். சைக்கிளின் பின்சக்கரப் பல்லைப் போல ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கிச் சுற்றும். சக்கரம் எஞ்சினைத் தள்ளப் பார்த்தால் கைவிட்டுவிடும். அதனால்தான் கீழ்க்கியருக்கு 2, எல் என்று தனி நிலைகள் வைத்தார்கள். அதில் போட்டால் இன்னொரு பட்டையோ கிளட்சோ சேர்ந்து இறுக்கிக்கொள்ளும், எஞ்சின் பிடிக்கும். இறக்கத்துக்கென்றே வைத்த நிலை அது. நாம்தான் அதைத் தொடாமல் ஓட்டினோம்.

கியர்பாக்ஸ் தேயும் என்பதில் உடன்பாடு இல்லை. ஏற்றத்தில் பெரிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை அந்தப் பற்களின் மேல் ஏற்றுகிறது. இறக்கத்தில் அதே எஞ்சின் பின்னுக்கு இழுப்பது ஏறக்குறைய 100-க்குள்தான். ஐந்து மூட்டை சுமந்து ஏறியவனுக்கு ஒரு மூட்டையோடு இறங்குவதால் முதுகு முறியாது. கியர் மாறும் அந்த ஒரு கணத்தில் கிளட்ச் கொஞ்சம் உராயும். உண்மைதான். ஆனால் அது ஒரு நாளில் நூறு முறை நடக்கும் வேலை, அதில் இரண்டு கூடுகிறது.

கணக்கு வாத்தியார்:
பேட் மலிவு, கியர்பாக்ஸ் விலை என்ற வாதத்துக்கு நடுவில், பிரேக்கால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாரத்தோடு 3,000 கிலோ எடையுள்ள பிக்கப். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சரிவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 1,770 நியூட்டன். இதில் டயர் உருளும் தடை சுமார் 300, காற்றின் தடை சுமார் 200 என்று இயற்கையே தள்ளுபடி தருகிறது. மிச்சம் 1,250 நியூட்டனைப் போலத்தான் நாம் பிடிக்க வேண்டியது. அந்த வேகத்தில் அது 21 கிலோவாட். ஒரு கிலோவாட் இஸ்திரிப்பெட்டிகள் இருபத்தொன்றை நான்கு சக்கரங்களுக்கும் பங்கு போட்டுக் கட்டிவைத்து, இறக்கம் முடியும்வரை அணைக்காமல் ஓடவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கிலோமீட்டர் இறக்கத்துக்கு ஐந்து நிமிடம். சக்கரத்தோடு சுற்றும், பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் நான்கும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று வைத்தால், காற்று ஆற்றாவிட்டால் அந்த இரும்பு சுமார் 340 டிகிரி சூடேறும். காற்று ஆற்றும்தான். ஆனால் முன்சக்கரங்களே அதிகப் பங்கைச் சுமப்பதால் அவை இன்னும் மேலே போகும். இறக்கம் பத்து கிலோமீட்டர் ஆனால்? பின்னால் டிரெய்லரும் சேர்ந்தால்?

இப்போது எஞ்சினின் பங்கு. ஆறு கியர் பெட்டி ஒன்றின் விகிதங்களை (வெளித்தண்டின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்பது) எடுத்துக்கொள்கிறேன்: ஐந்தாவது 0.85, மூன்றாவது 1.53, இரண்டாவது 2.36. பின் அச்சு 3.42. சக்கரத்தின் ஆரம் 40 சென்டிமீட்டர். எஞ்சின் பின்னுக்கு இழுப்பது 80 நியூட்டன் மீட்டர். இந்த இழுப்பு ஆர்பிஎம் ஏறுவதால் பெரிதாக மாறுவதில்லை, அதைப் பெருக்கிக் கொடுப்பது கியர்தான்.

ஐந்தாவதில்: 1,150 ஆர்பிஎம், சக்கரத்தில் 580 நியூட்டன். பாதிகூட இல்லை, மீதியைப் பிரேக் சுமக்க வேண்டும்.
மூன்றாவதில்: 2,080 ஆர்பிஎம், 1,050 நியூட்டன். எப்போதாவது பிரேக்கைத் தொட்டால் போதும்.
இரண்டாவதில்: 3,200 ஆர்பிஎம், 1,610 நியூட்டன். வண்டி மெல்லத் தளர்ந்துகொண்டே வரும், ஆக்சிலரேட்டரைத் தொட்டுத்தான் வேகத்தைக் காக்க வேண்டியிருக்கும்.

முப்பதாண்டு ஸ்டீயரிங் ஐயா, இருபத்தொரு இஸ்திரிப்பெட்டியின் சூட்டைத் தாங்க வேண்டியது பேட் மட்டும் அல்ல. பேட்டுக்குப் பின்னால் பிரேக் ஆயில் இருக்கிறது.

தேன்மொழி:
வாத்தியார் கடைசியில் சொன்னதை அனுபவித்தவள் நான். குதிரைகள் ஏற்றும் டிரெய்லர் இழுக்கிறேன். முதல் வருடம், நீண்ட இறக்கம், டி நிலையிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடி வந்தேன். முதலில் பெடல் கல்லைப் போல இருந்தது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை. பேட் சூடேறிப் பிடிமானம் போய்விட்டது. அது முதல் எச்சரிக்கை மணி. எனக்குப் புரியவில்லை, இன்னும் அழுத்தினேன். இரண்டு வளைவு கழித்து அதே பெடல் பஞ்சு போல ஆனது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வந்துவிட்டால் நீங்கள் மிதிப்பது ஆயிலை அல்ல, ஆவியை. ஆவி சுருங்கிக்கொள்ளும், பேட் நகராது.

பக்கவாட்டில் ஏற்றமாக ஒரு மண்பாதை பிரிந்தது, அதில் ஏற்றி நிறுத்தினேன். குதிரைகள் உதைத்துக்கொண்டிருந்தன. என் கால் நடுங்கியது நிற்க அரை மணி ஆயிற்று.

பிறகுதான் தெரிந்தது, அந்த ஆயிலைப் பல ஆண்டுகளாக மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. வாத்தியாரின் 340 டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் சூடு அப்படியே ஆயிலுக்குப் போகாது, ஆனால் மிதித்தபடியே வந்தால் போக வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது.

இப்போது நான் இறங்கும் விதம்: உச்சியிலேயே, வேகம் எடுப்பதற்கு முன்பே, கியரை இறக்கிவிடுவேன். எனக்கு ஒரு வேகம் தீர்மானித்துக்கொள்வேன், 60 என்று வையுங்கள். முள் 60-ஐத் தொட்டால் பிரேக்கை நன்றாக அழுத்தி மூன்று வினாடியில் 52-க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிடுவேன். மறுபடி 60 வந்தால் மறுபடி. கனரக வண்டி ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கும் முறை இதுதான். விட்ட நேரத்தில் டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவே காற்று போகும்.

"ஏறிய கியரிலேயே இறங்கு" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதை அப்படியே நம்பாதீர்கள். அது பலம் குறைந்த எஞ்சின்களின் காலத்து வாக்கு. இன்றைய எஞ்சின் ஐந்தாவதில் சிரித்துக்கொண்டே ஏறிவிடும். அதே ஐந்தாவதில் இறங்கினால் அழ வேண்டியதுதான்.

முப்பதாண்டு ஸ்டீயரிங்:
அம்மா, நல்ல வேளை தப்பித்தீர்கள். நான் பாரம் ஏற்றாத வண்டியை நினைத்துப் பேசினேன். பாரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். வெறும் வண்டிக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பத்துப்படி:
என்னுடையது பத்து கியர் பெட்டி. கைமுறையில் போட்டு ஒரு கியர் குறைத்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொன்று குறைத்தேன், லேசாக ஏதோ. கெட்டுவிட்டதா என்று பயந்தேன்.

பட்டறைக்காரன்:
உங்கள் பெட்டியில் பத்தாவது 0.64, ஒன்பதாவது 0.69 என்ற அளவில் இருக்கும். அந்தப் படி அவ்வளவுதான் உயரம். ஆறு கியர் வண்டியில் இரண்டு படி இறங்குபவர் பத்து கியரில் நான்கைந்து படி இறங்க வேண்டும். கியர் எண்ணைப் பார்க்காதீர்கள், ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்.

கைமுறையில் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் 3 என்று காட்டினால் மூன்றிலேயே நிற்கும். வேறு சிலவற்றில் 3 என்பது உச்ச வரம்பு மட்டும், அதற்குக் கீழே அது தன் விருப்பப்படி மாறிக்கொள்ளும். கையேட்டில் இருக்கும். வேகம் மிஞ்சிப் போயிருக்கும்போது கியரைக் குறைக்கச் சொன்னால் கணினி மறுத்துவிடும், எஞ்சின் தாங்கும் உச்ச ஆர்பிஎம்மான சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால். மணி அடிக்கும், அல்லது எண் கண்சிமிட்டும். அந்த நேரத்தில் பொத்தானோடு சண்டை போடாமல் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்தபின் கேளுங்கள், கொடுக்கும். ஆனால் கியர் விழுந்தபின் சரிவு தள்ளித் தள்ளி முள் சிவப்பை நெருங்கினால் எஞ்சினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஏற்கெனவே பெட்ரோல் நின்றுபோயிருக்கிறது, இன்னும் எதை நிறுத்தும்? அங்கேயும் பிரேக்தான்.

கறுப்புப்புகை:
டீசல்காரர்களை மறந்துவிட்டீர்களே. மேலே சொன்ன உறிஞ்சும் கதை எங்களுக்குப் பொருந்தாது. டீசலில் பொதுவாக அப்படிக் காற்றை அடைக்கும் திராட்டில் கதவு கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது பிடிக்கிறது, ஆனால் அழுந்திய காற்று சுருள்வில் போல அதே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடன்காரன். அதனால் கியரைக் குறைத்தாலும் பெட்ரோல் வண்டி அளவுக்குப் பிடிக்காது. பெரிய டீசல் பிக்கப்களில் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது இதற்காகத்தான். புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றூட்டும் டர்போவின் இதழ்களையே குறுக்கிப் புகை வெளியேறும் வழியை அடைக்கும், பிஸ்டன் அந்த அடைப்பை எதிர்த்துத் தள்ள வேண்டிவரும்.

கனரக லாரிகளில் வேறு உத்தி: காற்று முழுவதும் அழுந்திய கணத்தில் வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிடுவது. கடனே திரும்பாது. இதைக் கண்டுபிடித்த டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் தன் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கீழே ரயில் பாதை குறுக்கிட, சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். அந்தப் பயத்தை மறக்காமல் வைத்திருந்து கடைசியில் இந்த பிரேக்கை உருவாக்கினார். 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜேக் பிரேக் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

சிக்கனம்:
இவ்வளவு தலைவலி எதற்கு? நியூட்ரலில் போட்டு உருட்டினால் எஞ்சினும் கத்தாது, தேயவும் தேயாது.

தேன்மொழி:
தயவுசெய்து வேண்டாம். வாத்தியாரின் கணக்கில் எஞ்சினின் பங்கைப் பூஜ்யம் என்று மாற்றிப் பாருங்கள். சிக்கனம் பற்றியும் பட்டறைக்காரன் மேலேயே சொல்லிவிட்டார்.

மழைக்காலம்:
ஒரு எச்சரிக்கை. யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் இறகு போல. எஞ்சின் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். சாலை நனைந்திருந்து, வளைவின் நடுவில், இரண்டு கியரை ஒரே தட்டில் குறைத்தால் பின்சக்கரம் பிடிமானம் விட்டு வால் சுழன்றுவிடும். பிரேக் மிதியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள், அது பிரேக் அழுத்தத்தைத்தான் தளர்த்தும், எஞ்சினின் இழுப்பைத் தளர்த்தாது. அதை உணர்ந்து எஞ்சினுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. ஈரத்தில் கியரைக் குறைப்பது நேர்ச்சாலையில், ஒவ்வொன்றாக. பாரமிழுக்கும் பொத்தானையும் வழுக்கும் சாலையில் நான் அணைத்துவிடுவேன்.

முப்பதாண்டு ஸ்டீயரிங்:
பார்த்தீர்களா! வெறும் வண்டிக்கு வேண்டாம் என்று நான் சொன்னேனே.

மழைக்காலம்:
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. வளைவில் வேண்டாம், திடுக்கென்று வேண்டாம் என்கிறேன். வறண்ட சாலையில் நானும் குறைத்துத்தான் இறங்குகிறேன்.

நீலக்கொடி:
இடையில் ஒரு கேள்வி. என் பழைய பிக்கப்பில் கியரைக் குறைத்து நீண்ட இறக்கம் இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் பின்னால் ஒரு குப்பென்று நீலப் புகை. பிறகு இல்லை. இறக்கம்தான் எஞ்சினைக் கெடுத்ததா?

பட்டறைக்காரன்:
கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. இறங்கும்போது உள்ளே வெற்றிடம் மிக அதிகம். வால்வுத் தண்டின் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் ஆயிலை உறிஞ்சி உள்ளே சேர்த்துவைக்கும், மிதித்தவுடன் அது எரிந்து நீலமாக வரும். சீலை மாற்றுங்கள்.

இனி புதுச்சாவியின் அப்பாவுக்கு வருகிறேன். என் ஊகம் இது: அவர் உச்சியில் பிரேக்கின் மேல் மெல்லக் காலை வைக்கிறார், அடிவாரம்வரை எடுப்பதில்லை. வண்டி வேகமே பிடிப்பதில்லை, திடீரென்று தளர்வதும் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் கியரைக் குறைப்பதற்கு, பிரேக் ஓரளவு அழுத்தமாக விழ வேண்டும், அல்லது காலை எடுத்தும் வேகம் ஏற வேண்டும். அவருடைய மெல்லிய மிதியில் இரண்டும் நடப்பதில்லை. கணினியின் கண்ணில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதனால் மேல்கியரிலேயே விட்டுவிடுகிறது. சத்தம் வராத வேலையை முழுவதும் பேட் செய்கிறது. கருகுவது முன்னால் போன லாரி அல்ல.

சத்தம் போடுகிற நீங்கள்தான் ஒழுங்காக ஓட்டுகிறீர்கள், தம்பி.

புதுச்சாவி:
இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நேற்று இறக்கத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சொன்னது அட்சரம் பிசகவில்லை. பெடலின் மேல் வலது பாதம், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல, முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை.

கணக்கு வாத்தியார்:
தொடாமல் சூடு அளக்கும் துப்பாக்கி ஒன்று கிடைத்தால் அளந்து பாருங்கள். ஒரே இறக்கம், ஒரே பாரம், இருவரும் ஒருமுறை. நடுவில் டிஸ்க் முழுவதும் ஆற வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், சூடான இரும்பு கோணிவிடும், வெடிக்கவும் கூடும். சூடாக நிறுத்தும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள், பேட்டின் தடம் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பதிந்துவிடும்.

முப்பதாண்டு ஸ்டீயரிங்:
முடிவை எழுதுங்கள். வெறும் வண்டி என்றால் நான் சொல்வதுதான் சரியாக வரும்.

புதுச்சாவி:
அளந்தாயிற்று. நண்பனின் பட்டறையில் துப்பாக்கியைக் கடன் வாங்கினேன். வண்டியில் பாரம் இல்லை, நாங்கள் இருவர் மட்டும்.

முதலில் அப்பா. வழக்கம் போலப் பூனை நடை. அடிவாரத்தில் முன் டிஸ்க் 286 டிகிரி. நாற்றம் வந்தது. முன்னால் லாரி இல்லை. அவரும் சுற்றிப் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் ஆறவிட்டு நான். உச்சியிலேயே மூன்றாவதில் போட்டேன். ஐந்து முறை அழுத்தி விட்டேன், எண்ணிக்கொண்டே வந்தேன். 124 டிகிரி. ஸ்டீயரிங் ஐயா மன்னிக்க வேண்டும், வெறும் வண்டிதான்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் முன் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. நான்கே மாதம். பின்பக்கம் புதிது போல இருக்கிறது.

முப்பதாண்டு ஸ்டீயரிங்:
286-ஆ? வெறும் வண்டிக்கா?

சரி. நாளை நானும் ஒரு துப்பாக்கி தேடுகிறேன்.

தேன்மொழி:
அப்பா என்ன சொன்னார்?

புதுச்சாவி:
துப்பாக்கியை வாங்கி இரண்டு சக்கரங்களையும் தானே ஒருமுறை அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை உச்சியில் வண்டியை ஓரம் கட்டி, "அந்த மூன்று எங்கே வரும்?" என்று கேட்டார். காட்டினேன். போட்டார். முதல் வளைவில் எஞ்சின் கத்தத் தொடங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கியரைத் தொடாமல், பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் ஏற்றிக்கொண்டார்.